முள் தேய்த்த சுவடு



சாரல் இறங்கத் தொடங்கிவிட்ட இந்த ஆனி மாதத்து மாலையில், ஐந்தருவிக்கோ பழைய அருவிக்கோ போயிருக்க வேண்டிய பொழுதை எனக்கென்று விட்டுக்கொடுத்து இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். பழைய இசைத்தட்டுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று அன்பர்கள் வீடு தேடி வந்து கேட்டபோது, எதைச் சொல்வது, எங்கே தொடங்குவது என்று சிறிது தயங்கினேன். பிறகு, பரணில் ஜமுக்காளம் போர்த்துக் கிடந்த கிராமபோன் பெட்டியை இறக்கி, ஈரக் காற்றில் பூத்திருந்த பூஞ்சணத்தைத் துடைத்து, உள்ளேயிருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பேச வேண்டிய விஷயம் அந்தத் தட்டின் மேலேயே இருந்தது. பெட்டியும் தட்டும் இதோ இந்த மேஜைமேல் இருக்கின்றன.

பத்து அங்குல அகலமுள்ள கறுப்புத் தட்டு. கரும்பட்டைப் போலப் பளபளக்க வேண்டிய அதன் மேனியில், நடுவிலுள்ள காகித வட்டத்துக்கு ஒரு விரற்கடை வெளியே, ஒரு வளையம் மட்டும் வெளிறிச் சாம்பல் பூத்தாற்போலத் தெரிகிறது. கைதவறி விழுந்த கீறலன்று அது. செங்கோட்டைக் கிட்டப்பா 'எவரனி' பாடுகையில் மேல்ஸ்தாயிக்குத் தாவும் ஓரிடத்தை மறுபடியும் மறுபடியும் கேட்பதற்காக, என் தாத்தா முள்ளைத் தூக்கிப் பின்னே வைத்து, தூக்கிப் பின்னே வைத்து, இருபது வருஷத்துக்கு மேலாக உண்டாக்கிய வளையம் அது. மற்றொரு தட்டும் இருக்கிறது. அது ஆச்சியின் தட்டு, 'காயாத கானகத்தே'. அதில் வளையம் கிடையாது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக அது தேய்ந்திருக்கிறது. ஏனென்றால் ஆச்சிக்கு நடுவில் ஓரிடத்தை மட்டும் பொறுக்கிக் கேட்கிற வழக்கமில்லை. வேலன் வள்ளியைப் பார்த்துப் பேசுகிற பேச்சை முதல் வார்த்தையிலிருந்து கேட்க வேண்டும் அவளுக்கு. இருவரும் ஒரே பெட்டியில் ஒரே குரலைக் கேட்டவர்கள். கேட்ட விதம் எப்படி வேறுபட்டது என்பதை, அவர்கள் போய் நாற்பது வருஷத்துக்குப் பிறகும், இந்த இரண்டு தட்டுகளைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிறது.

எங்கள் வீடு தென்காசிக் கோயிலுக்குத் தெற்கே ஒரு தெருவில் இருந்தது. அந்திக்குப் பிறகு, மலையிலிருந்து வரும் காற்றில் விளக்கு அணைந்துவிடாமல் திண்ணையின் ஒரு பக்கம் சாக்குப் படுதா கட்டி, அதன் மறைவில் பெட்டியை வைப்பார் தாத்தா. சாவி கொடுப்பது என் பொறுப்பு. "எலே, கூடச் சுத்திராதே, ஸ்பிரிங்கு அத்துப் போயிரும்" என்பது ஒவ்வொரு நாளும் தவறாமல் வருகிற எச்சரிக்கை. குறைவாகச் சுற்றினாலோ, பாட்டு நடுவில் தளர்ந்து, குரல் கனத்து, கடைசியில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவரைப் போல ஆகிவிடும். அதைத் தாத்தா அபசாரமாகவே கருதினார். இருநூறு ஊசிகள் அடங்கிய சிறு தகர டப்பியிலிருந்து ஒன்றை எடுத்து, சவுண்டு பாக்ஸில் திருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டின் ஓரத்தில் அவர் வைக்கும்போது, முதலில் ஓர் இரைச்சல் கேட்கும். குற்றாலத்துக்குப் போகிற சாலையில், அருவி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னே காதுக்குத் தெரியுமே, அந்த இரைச்சல்தான். எதிர்வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டதுமே பேச்சை நிறுத்திவிடுவார்கள். அடுக்களையில் வேலையாக இருப்பதுபோல இருக்கும் ஆச்சி, பாட்டு முடிந்ததும் நிலைப்படிக்கு வந்து நின்று, யாரையும் பார்க்காமல், "இன்னொரு தரம் வைக்கச் சொல்லு" என்று என்னிடம் சொல்வாள். தாத்தா அருகில்தான் இருப்பார். ஆனாலும் விண்ணப்பம் என் வழியாகத்தான் போகும்.

இந்தத் தட்டு எதனால் ஆனது என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். வினைல் என்கிற செயற்கைப் பொருளால் செய்த நீண்ட நேரத் தட்டு அமெரிக்காவில் 1948இல்தான் வெளிவந்தது. நம் வீடுகளுக்கு அது வந்து சேர மேலும் பல வருஷங்கள் ஆயின. அதற்கு முன்பு, நிமிஷத்துக்கு 78 சுற்று சுழன்ற தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை. சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரத்திலும் பூவ மரத்திலும் கோடிக்கணக்கான சிறு பூச்சிகள் சுரக்கிற அரக்கை உருக்கி, கல்பொடியும் கரியும் கலந்து அழுத்திய பண்டம் இது. பாண்டவர்களைக் கொளுத்தக் கட்டிய மாளிகைக்கு வேண்டிய பொருளும், பட்டாபிஷேகப் பாட்டைப் பாடிய தட்டுக்கு வேண்டிய பொருளும் ஒன்றே என்பது என் நினைவில் அடிக்கடி வரும். அதில் கல்பொடி சேர்த்ததற்குக் காரணம் உண்டு: எஃகு ஊசியின் முனையை அந்தப் பொடி அரைத்து, பள்ளத்தின் அளவுக்கு வடித்துக்கொள்ளும், ஆகையால் ஒரு பக்கம் பாடியதும் ஊசியை மாற்றிவிட வேண்டும் என்பது விதி. நம் வீடுகளில் யார் அந்த விதியைக் காத்தார்கள்? ஓர் ஊசியை நாலு நாள் வைத்துக்கொண்டால், அப்போது அரைபடுவது ஊசியன்று, பாட்டு. மேல்நாட்டில் தட்டின் மேல் பரிவு கொண்ட சிலர் எஃகை விட்டு, மூங்கிற் சிம்பையும் உண்மையான முள்ளையுமே ஊசியாகச் செதுக்கி உபயோகித்தார்கள். நாம் இரும்பையே வைத்துக்கொண்டு, அதற்கு முள் என்று பெயரிட்டோம்; அந்தச் சொல்லில் ஒரு வலியும் சேர்ந்திருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மூன்றரை நிமிஷம்; அவ்வளவுதான் இடம். 1902ஆம் வருஷம் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகி பாட, கெய்ஸ்பர்க் என்கிற ஒலிப்பதிவு நிபுணர் பதிவு செய்த தட்டுகளில், பாட்டின் முடிவில் அந்த அம்மையார் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லியிருப்பதைக் கேட்கலாம். தட்டுகளை அச்சடித்தது ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில். பாஷை தெரியாத அந்தத் தொழிலாளர்கள் எந்தத் தட்டு யாருடையது என்று மயங்காமலிருக்க அப்படி ஓர் ஏற்பாடு. அந்தப் பெயரையும் சொல்லி முடிக்க வேண்டும் அந்த மூன்று நிமிஷத்துக்குள். ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் விஸ்தரிக்கிற நம்முடைய சங்கீதத்துக்கு இது எத்தகைய சிறைவாசம் என்று வித்துவான்கள் அந்த நாளில் மனம் நொந்தார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானதே. ஆயினும் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய மேலகரத்துக் கவிராயரின் ஊருக்கு அருகில் வளர்ந்த எனக்கு, நாலு வரிக்குள் ஒரு மலையையே கொண்டுவந்து வைப்பது பாவம் என்று நினைக்க முடியவில்லை. கிட்டப்பாவுக்கு மூன்று நிமிஷம் போதுமானதாக இருந்தது.

திருநெல்வேலியிலிருந்து மேற்கே வருகிற நம்முடைய ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். காருகுறிச்சி, அம்பாசமுத்திரம், கீழக்கடையம், பாவூர்ச்சத்திரம், தென்காசி, செங்கோட்டை. இசைத்தட்டின் சரித்திரத்தில் எழுத வேண்டிய மூன்று பெயர்கள் இந்த ஒரே பாதையில் ஏறி இறங்கியவை.

செங்கோட்டையில் 1906இல் பிறந்தார் கிட்டப்பா. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர். 1956 நவம்பரில்தான் நம்மோடு வந்து சேர்ந்தது. குழந்தைப் பருவத்திலேயே நாடக மேடை ஏறி, ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்கும் கேட்கும்படி பாடி, கொடுமுடி சுந்தராம்பாளோடு சேர்ந்து தென்னாட்டையும் இலங்கையையும் மயக்கி, 1933 டிசம்பர் 2ஆம் தேதி, இருபத்தேழு வயதில் மறைந்துபோனார். சினிமா பேசத் தொடங்கி இரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது. அவர் அதில் நடித்ததில்லை. அவர் மனைவியாகிய சுந்தராம்பாள் அம்மையார் அன்று உடுத்த வெள்ளைப் புடவையை 1980இல் தாம் மறையும் வரை மாற்றவில்லை. அந்த மனிதர் நடந்ததையோ நின்றதையோ பார்த்தவர்கள் இன்று ஒருவருமில்லை. அவரிடமிருந்து நமக்கு மிஞ்சியதெல்லாம் அரக்கில் பதிந்த சில மூன்று நிமிஷங்கள். அந்த நிமிஷங்களைக் கேட்டுக் கேட்டே டி.ஆர். மகாலிங்கம் பாட வந்தார், 1945இல் ஏவி.எம். எடுத்த 'ஸ்ரீவள்ளி'யில் 'காயாத கானகத்தே'யை அவர் பாடியபோது, கிட்டப்பா திரும்பி வந்துவிட்டதாகவே ஜனங்கள் எண்ணினார்கள். அந்தப் படத்தை எடுத்த மெய்யப்ப செட்டியார், படமெடுக்க வருவதற்கு முன் சரஸ்வதி ஸ்டோர்ஸின் மூலம் இசைத்தட்டு வியாபாரம் செய்தவர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நாடகத்துப் பாட்டு தட்டுக்குப் போய், தட்டிலிருந்து திரைக்குப் போன வழி அது.

கீழக்கடையத்தில் இறங்கினால் வேறு கதை. தம் மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் 1918 முதல் 1920 வரை பாரதியார் வசித்தார். உச்சக் குரலில் தெருவெல்லாம் கேட்கும்படி அவர் பாடினார் என்பதைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னைக்கு ஒலிப்பதிவு யந்திரம் வந்து பல வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. எத்தனையோ நாடகப் பாட்டுகளும் ஹாஸ்யங்களும் தட்டில் ஏறிக்கொண்டிருந்தன. பாரதியை ஒரு கொம்புக்கு முன் நிறுத்திப் பாடச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்று நிமிஷம்! அவருடைய குரல் நமக்கு இல்லாமலே போயிற்று. அவர் காலமான பிறகோ, அவருடைய பாட்டுகளைத் தட்டில் பதியும் உரிமை ஒரு சொத்தாகக் கைமாறி, மெய்யப்ப செட்டியாரிடம் வந்து சேர்ந்து, அதை வேறொருவர் பாடலாமா கூடாதா என்று வழக்காடும் நிலை ஏற்பட்டது. பாரதி எல்லோருக்கும் சொந்தம் என்று தமிழ்நாடு முழுவதும் குரல் எழும்ப, செட்டியார் விலை வாங்காமல் உரிமையை விட்டுக்கொடுக்க, 1949இல் சென்னை அரசாங்கம் பாரதியின் எழுத்துரிமையை ஏற்றுக்கொண்டது. ஒரு கவியின் பாட்டு உரிமைக்கு நடந்த இந்தப் போராட்டம் நமக்குப் பெருமை தருவது. ஆனால் ரயில் கடையத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குள் எழுகிற துக்கம் வேறு.

காருகுறிச்சி அருணாசலத்தைக் கேட்காத வயதானவர்கள் இந்தச் சபையில் இருக்க மாட்டார்கள். ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யராகி, நாற்பத்துமூன்று வயதுக்குள் மறைந்துவிட்ட அவர், 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஜானகியின் குரலோடு நாதஸ்வரத்தில் வாசித்த 'சிங்கார வேலனே' தட்டு, இந்தப் பக்கத்தில் கல்யாணப் பந்தலுக்கு வாழை மரம் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியமாயிற்று. அதற்குள் சாவிப் பெட்டியின் காலம் முடிந்து, ரேடியோ செட்டுக்காரரின் காலம் வந்துவிட்டது. மூங்கில் உச்சியில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் சீர்காழியின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே' தொடங்கினால் அந்தத் தெருவில் விசேஷம் என்று அர்த்தம். கடையநல்லூரிலும் பொட்டல்புதூரிலும் நாகூர் ஹனீபாவின் குரல் வயல்களைத் தாண்டி வரும். அம்மன் கொடையென்றால் எல்.ஆர். ஈசுவரியின் பாட்டு. நள்ளிரவுக்கு மேல் தூக்கம் வராதவர்களுக்கென்று 'திருவிளையாடல்' வசனம். பாட்டைத் திண்ணையில் பத்துப் பேர் கேட்டது போய், ஊரே கேட்டது. அது பெரிய ஈகை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே குழாயினால், மேளக்காரரை அழைக்க வேண்டிய கல்யாணத்தில் அருணாசலத்தின் தட்டே மேளமாகி, எத்தனையோ நாதஸ்வரக் குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேடிப் போக நேர்ந்ததும் உண்மை. இசைத்தட்டின் மேல் எனக்குள்ள அபிமானம் அந்த நஷ்டத்தை மறைத்துப் பேசச் சம்மதிக்கவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இசைத்தட்டைக் கேட்கும் முறை இயல்பாகவே கைவந்திருந்தது என்று நான் கருதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ரசிகமணி டி.கே.சி. அவர்கள், 1954இல் மறையும் வரை, குற்றாலத்தில் அமர்ந்து கம்பனை அனுபவித்த விதத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ராஜாஜியும் கல்கியும் வந்திருப்பார்கள். பாட்டை ஒரு தரம் சொல்வார். அர்த்தம் சொல்லத் தொடங்காமல் மறுபடியும் சொல்வார். ஒரு சொல்லில் நின்று, பின்வாங்கி, அந்த அடியை மட்டும் மூன்றாம் தரம், நான்காம் தரம் சொல்வார். அவ்வளவில் பாட்டு தானே திறந்துகொள்ளும். என் தாத்தா அந்தச் சபையில் உட்கார்ந்தவரல்லர். தென்காசிக் கடைவீதியில் கணக்கெழுதியவர். ஆனாலும் முள்ளைத் தூக்கிப் பின்னே வைத்த அவருடைய விரல் செய்ததும் அந்தக் காரியமே. தமிழில் பாடினாலல்லவா நெஞ்சில் நிற்கும் என்று தமிழிசைக்காக வாதாடியவர் டி.கே.சி.; 'எவரனி'யோ தியாகராஜரின் தெலுங்கு. தாத்தாவுக்கு அதில் ஒரு வார்த்தையும் தெரியாது. ஆச்சிக்குத் தமிழ்ப் பாட்டுத்தான் வேண்டும். அந்தப் பெரிய வாதம் எங்கள் வீட்டில் ஒரு திண்ணைக்கும் ஒரு நிலைப்படிக்கும் நடுவே, ஒருவர் மனமும் நோகாமல், இரவுதோறும் நடந்துகொண்டிருந்தது.

சென்ற வருஷம் என் பேரன் தன் கைப்பேசியில் ஒரு பாட்டை வைத்து, "தாத்தா, இது உங்க கிட்டப்பாதானே?" என்று கேட்டான். அதே 'எவரனி'. எங்கோ ஒரு வீட்டில் அதிகம் பாடாமல் காப்பாற்றப்பட்ட தட்டிலிருந்து எடுத்து, இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்திருந்தார்கள். எங்கள் தட்டில் அறுபது வருஷமாகச் சிதைந்து கேட்ட அந்த இடத்தை முதல் முறையாக முழுமையாகக் கேட்டேன். ஒவ்வொரு சுரமும் தனித்தனி முத்தாக விழுந்தது. கண் கலங்கிவிட்டது, தாத்தா தூக்கித் தூக்கி வைத்தது இதற்காகத்தான் என்று அன்றுதான் எனக்குத் தெளிவாயிற்று. அவர் அந்த இடத்தை மனத்தில் முழுமையாக வைத்துக்கொண்டு, தட்டில் அது தேயத் தேய, இல்லாததையும் சேர்த்தே கேட்டிருக்கிறார். பிறகு பேரனிடம் இன்னொரு தரம் வைக்கச் சொன்னேன். அந்த இடம் வந்தது, போயிற்று. எவருடைய விரலும் அங்கே குறுக்கிடவில்லை. என் கை மட்டும் தன்னையறியாமல் மேஜையின்மேல் சற்று உயர்ந்து தாழ்ந்தது.

இத்தகைய தட்டுகள் உங்கள் வீட்டுப் பரண்களிலும் இருக்கும். அவற்றுக்காகத்தான் நான் இன்று முக்கியமாகப் பேச வந்தேன். தென்காசிக் காற்றின் ஈரம் மனிதனுக்கு அமிர்தம். தட்டின் காகித உறைக்கும் பெயர்ச்சீட்டுக்கும் அது விரோதி. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காதீர்கள்; புத்தகம்போல நிறுத்தி வையுங்கள். பூஞ்சணம் பிடித்தால் மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். ஸ்பிரிட்டைத் தொடவே தொடாதீர்கள், அரக்கு அதில் கரைய, பாட்டும் கூடவே போய்விடும். வினைல் தட்டுக்குரிய நுண்ணிய முள்ளை இதில் வைத்தால், அகன்ற பள்ளத்தின் அடியில் அது அலைந்து இரைச்சலைத்தான் கொண்டுவரும். பழைய இரும்புக்காரருக்குப் போடுமுன், பெயர்ச்சீட்டையும் அதன் அருகே தட்டிலேயே பொறித்திருக்கிற எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் இவற்றின் அருமை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உடைந்துபோன தட்டானாலும் எறிய வேண்டாம். ஏழு வயதில் நான் தெரியாமல் மேலே உட்கார்ந்து இரண்டாக்கிவிட்ட ஒரு சுந்தராம்பாள் தட்டின் துண்டுகளைத் தாத்தா என்னை ஒரு வார்த்தை சொல்லாமல் வேட்டித் துணியில் சுற்றி வைத்தார். அவை இன்னும் இந்தப் பெட்டியின் அடியில் இருக்கின்றன.

நேரமாகிவிட்டது, மழையும் வலுக்கிறது. பெட்டிக்குச் சாவி கொடுத்து வைத்திருக்கிறேன். முதலில் தாத்தாவின் தட்டு. இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓரிடத்தில் குரல் கரகரத்து, முள் ஒரு துள்ளுத் துள்ளும்; அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், அங்கே நான் முள்ளைத் தூக்கி ஒரு தரம் பின்னே வைப்பேன். அதன் பிறகு ஆச்சியின் தட்டு. அதை நடுவில் எடுக்க எனக்கு உத்தரவில்லை.